தொண்டைப் புண்ணுக்குப் பிறகு மாறிப்போன மகளுக்கு ஆன்டிபயாட்டிக் தேர்ந்தெடுத்த அனுபவம்

காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து போன சில வாரங்களுக்குள், நன்றாக இருந்த பிள்ளை ஒரே இரவில் பயந்தாங்கொள்ளியாகி, கை கழுவிக் கழுவித் தோல் உரிந்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தால், பெற்றோர் எந்தக் கதவைத் தட்டுவது, எந்த மருந்தைக் கேட்பது, எதை மறுப்பது என்பதை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறோம். கணவர் செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறார். நான் அதே ஆலையின் அலுவலகத்தில் குமாஸ்தா. மகளுக்கு அப்போது ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. இப்படிப்பட்ட நிலைக்குப் பாண்டாஸ் என்ற பெயர் உண்டு என்பது பின்னர்தான் தெரிந்தது. எங்களைப் போன்ற ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். இதில் வரும் மருந்தளவுகளை உங்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்துங்கள், வீட்டில் அளந்து கொடுப்பதற்கு அல்ல.

முதலில் வந்தது சாதாரணத் தொண்டை வலிதான். விழுங்க முடியவில்லை என்று அழுதாள், காய்ச்சல் அடித்தது, சளியும் இருமலும் இல்லை. பட்டணத்தில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கிற்கு அழைத்துப் போனோம். மகளுக்கு இரண்டு வயதில் ஒரு முறை அமாக்சிசிலின் கொடுத்தபோது உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள் வந்ததால், அவளுடைய சுகாதாரப் புத்தகத்தில் ‘பெனிசிலின் ஒவ்வாமை’ என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் எரித்ரோமைசின் மருந்தை ஒரு 60 மில்லிலிட்டர் போத்தலில் கொடுத்து, வேளைக்கு ஒரு கரண்டி வீதம் மூன்று வேளை கொடுக்கச் சொன்னார். வேளைக்கு 5 மில்லிலிட்டர் என்றால் அந்தப் போத்தல் நான்கு நாளில் தீர்ந்துவிடும், தீர்ந்தது. காய்ச்சலும் இறங்கிவிட்டதால், இன்னும் எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்ற பேச்சே யாரிடமும் எழவில்லை. தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரியும் எடுக்கப்படவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, மகள் பள்ளி வேனில் ஏற மறுத்தாள். அன்று மாலைக்குள், “அம்மா, நான் எதையாவது முழுங்கிட்டேனா?” என்று ஓயாமல் கேட்கத் தொடங்கினாள். சோற்றில் கண்ணாடித்துண்டு இருக்கும் என்றாள், மாத்திரை மட்டுமல்லாமல் இட்லியும் தொண்டையில் சிக்கிவிடும் என்றாள். இரவில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்தாள், அப்படியும் தூங்கவில்லை. நிமிடத்திற்கொரு முறை சிறுநீர் கழிக்க ஓடினாள். அந்த வாரத்திலேயே அவளுடைய கையெழுத்து கோடு தாண்டிக் கோணலாகிவிட்டதை ஆசிரியை கவனித்துச் சொன்னார். மாமியார் பேத்தியைப் பார்த்துக் கலங்கி, “அம்மாடி, பிள்ளைக்குக் காத்து பட்டிருக்கு, முனியாண்டி கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு வாங்க” என்றார். போனோம். முந்நூறு வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் செலவானது. மாமியாருக்கு மனம் ஆறியது, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் சிலர், நானும் கணவரும் வீட்டில் சண்டை போடுவதால்தான் பிள்ளை இப்படி ஆனாள் என்று பேசியது என்னை உள்ளுக்குள் அறுத்தது. இரவு முழுவதும் விழித்திருந்து, காலையில் அலுவலகத்தில் கணக்கு எழுதும்போது எழுத்துகள் கண்ணுக்கு முன் மிதந்த நாட்கள் அவை.

இன்னொரு கிளினிக்கில், தொண்டை இன்னும் சிவந்திருக்கிறது என்று சொல்லி, அசித்ரோமைசின் மூன்று நாளைக்குக் கொடுத்து, மனப் பிரச்சினைக்கு ஆலோசகரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். மருந்து முடிந்த பிறகுதான் ஈப்போவில் குழந்தை நல நிபுணரைப் பார்க்க நாள் கிடைத்தது. அவர் தொண்டை மாதிரி எடுத்தார். அதில், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப் என்ற கிருமி வளரவில்லை. கிருமி முதலிலிருந்தே இல்லாமல் வளரவில்லையா, இரண்டு முறை அரைகுறையாகக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கால் வளரவில்லையா என்பதை அந்த அறிக்கையைக் கொண்டு யாராலும் சொல்ல முடியவில்லை. எங்களுடைய வாரங்கள் பலவற்றை விழுங்கியது இந்த ஒரு குழப்பம்தான். ஆகவே இதைப் படிக்கும் பெற்றோர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: முதல் வேளை ஆன்டிபயாட்டிக் வாய்க்குள் போவதற்கு முன் தொண்டை மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் குச்சி தொட வேண்டும். நாக்கை மட்டும் தடவி எடுத்தால் பயனில்லை. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து தெரிய ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்தாகாதா என்று நான் கேட்டேன். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினாலே, இந்தத் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைப் பாதிக்கக்கூடிய மூட்டுவாதக் காய்ச்சலைத் தடுக்க முடியும் என்பதால், பிள்ளை நீர் குடித்து, மூச்சு சீராக இருக்கும் வரையில், முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருப்பதில் தவறில்லை என்று நிபுணர் விளக்கினார்.

அந்த மருத்துவர்தான் எங்களுக்கு முதன்முதலில் பாண்டாஸ் என்ற பெயரைச் சொன்னார். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) என்னும் கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள், சில பிள்ளைகளில் மூளையின் அடிப்பகுதி நரம்புமுடிச்சுகளையும் தவறிப்போய்த் தாக்குகின்றன என்பது இதற்குப் பின்னால் உள்ள கருத்து. அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தில் சூசன் ஸ்வீடோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1998 ஆம் ஆண்டு 50 பிள்ளைகளின் விவரங்களைத் தொகுத்து இதை வரையறுத்தார்கள். மூன்று வயதுக்கும் பருவமடைதலுக்கும் இடையில், ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சியோ ‘டிக்’ எனப்படும் தன்னிச்சையான அசைவோ சட்டென்று தொடங்கி, ஏறி இறங்கி, ஸ்ட்ரெப் தொற்றோடு காலத்தால் ஒட்டி வர வேண்டும். கூடவே அமைதியின்மை, வழக்கத்துக்கு மாறான சிறு அசைவுகள் போன்ற நரம்புக் குறிகளும் இருக்க வேண்டும். 2012 இல் தொற்று எதுவென்று தெரியாத நிலைகளையும் சேர்த்து, பான்ஸ் என்ற பரந்த பெயரையும் வைத்தார்கள். மருத்துவர்களிடையே இதுபற்றி இன்னும் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. தொண்டை வலியும் டிக்கும் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம் என்பதால், இரண்டும் ஒன்றாக வருவது தற்செயலாகவும் இருக்கலாம் என்றார். இப்படி இரண்டு பக்கமும் சொன்னவர் மீதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் மகளை எழுந்து நிற்கச் சொல்லி, இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொல்லி நெடுநேரம் கவனித்தார். இதயத்துக்கு எக்கோ பரிசோதனையும் எழுதினார். சைடன்ஹாம் கொரியா என்ற, மூட்டுவாதக் காய்ச்சலோடு வரும் ஆட்ட நோயும் இதே கிருமியால்தான் வருகிறது. அதிலும் பிள்ளைக்கு மனக்குழப்பம் வரலாம். அந்த நோயாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் தேர்வில் தயக்கத்துக்கே இடமில்லை; இதய வால்வுகளைக் காப்பதற்காக மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒரு முறை பென்சாத்தீன் பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும். மகளின் இதயம் நன்றாக இருந்தது, ஆட்டமும் இல்லை. “பாண்டாஸாக இருக்கும்” என்று யாராவது சொன்னால், இதயத்தைப் பார்த்தீர்களா என்று அவர்களைக் கேளுங்கள். அந்த விடை தெரியாமல் எந்த மருந்து, எத்தனை காலம் என்ற பேச்சைத் தொடங்க முடியாது.

இரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. அளவு, அதாவது ஸ்ட்ரெப்பை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஒரு எதிர்ப்புப் புரதத்தின் அளவு, கூடியிருந்தது. நான் அதையே சான்றாக நினைத்து அழுதுவிட்டேன். மருத்துவர் பொறுமையாகத் திருத்தினார். தொற்று வந்து ஒரு வாரம் போல ஆன பிறகு ஏறத் தொடங்கும் இந்த அளவு, மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கக்கூடும். ஆகவே ஒரே ஒரு முறை எடுத்த எண் பழைய தொற்றையும் காட்டலாம். சில வாரம் விட்டு இரண்டாம் முறை எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால்தான் பொருள் உண்டு. அதேபோல, தொண்டையில் கிருமி இருந்தும் நோயில்லாத பிள்ளைகளும் பத்தில் ஒருவர் போல இருக்கிறார்கள். அவர்களுக்கு வைரஸ் காய்ச்சல் வந்த நேரத்தில் மாதிரி எடுத்தாலும் கிருமி வளரும். அறிக்கைத் தாள்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அறிகுறிகள் தொடங்கிய நாளையும் அதிலேயே எழுதி வையுங்கள். நான் ஆலையில் ரசீதுகளைக் கோக்கும் பழக்கத்தில் இதைச் செய்து வைத்தது, பின்னால் ஒவ்வொரு மருத்துவரிடமும் எங்களுக்கு நேரத்தைச் சேமித்துக் கொடுத்தது.

இனி மருந்து. மனத்தைப் பாதித்திருக்கிறதே, அதனால் ‘பலமான’ ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்றுதான் நாங்களும் உறவினரும் எண்ணினோம். மருத்துவர் சொன்னது நேர் எதிராக இருந்தது. ஆன்டிபயாட்டிக்கின் வேலை தொண்டையிலிருந்து இந்த ஒரு கிருமியை அகற்றுவது; ஏ பிரிவு ஸ்ட்ரெப் இன்றுவரை பெனிசிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் மிகப் பழைய, மிக மலிவான பெனிசிலின் குடும்பமே முதல் தேர்வு. பெனிசிலின் வி என்றால், 27 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 250 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை; அமாக்சிசிலின் என்றால், கிலோவுக்கு 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல்; இரண்டுமே பத்து நாள். பெனிசிலின் வியை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். அமாக்சிசிலினைச் சாப்பாட்டோடும் கொடுக்கலாம், சுவையும் பரவாயில்லை. விழுங்கப் பயந்து நடுங்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. வாயால் எதையுமே வாங்காத பிள்ளைக்கு பென்சாத்தீன் பெனிசிலின் ஊசி ஒரே தடவை போட்டால் போதும். 27 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் அலகு, அதற்கு மேல் 12 லட்சம். வலிக்கும், ஆனால் பத்து நாள் போராட்டம் இல்லை.

ஆனால் எங்கள் பிள்ளையின் புத்தகத்தில் ஒவ்வாமை என்று எழுதியிருந்ததே. அதை மருத்துவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. புள்ளிகள் மருந்து தொடங்கி எத்தனை நாளில் வந்தன, அரித்ததா, உதடோ கண்ணோ வீங்கியதா, மூச்சு இரைத்ததா, தோல் உரிந்ததா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். பல நாள் கழித்து, அரிப்பில்லாமல், தட்டையான புள்ளிகள் வந்து தானாக மறைந்தன என்பதுதான் என் நினைவு. அப்போது காய்ச்சலும் இருந்தது. பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலிலேயே இப்படிப் புள்ளிகள் வரும் என்றும், பெனிசிலின் ஒவ்வாமை என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சோதித்துப் பார்த்தால் அந்த மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு மருத்துவமனையிலேயே, அவசர மருந்துகள் பக்கத்தில் இருக்க, முதலில் சிறு அளவும் பிறகு முழு அளவும் அமாக்சிசிலின் கொடுத்து, மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நேரவில்லை. ஐந்து ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருந்த அந்த ஒரு வரி அடிக்கப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. இதை யாரும் வீட்டில் முயல வேண்டாம். உடனடியாக வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்த வரலாறு உள்ள பிள்ளைக்கு இது வேறு கணக்கு. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் செஃபலெக்சினும் எச்சரிக்கையோடுதான், ஏனெனில் அதன் அமைப்பில் ஒரு பகுதி அமாக்சிசிலினை ஒத்திருக்கிறது. லேசான புள்ளி மட்டும் வந்த பிள்ளைக்குச் செஃபலெக்சின் பத்து நாள் நல்ல மாற்று. கிளிண்டமைசினும் உண்டு, அதுவும் பத்து நாள், வயிற்றுப்போக்கைக் கவனிக்க வேண்டும்.

அசித்ரோமைசின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளுக்கு ஒரு வேளை, குறைந்த நாள் என்பதால் பெற்றோருக்கு அதன் மேல் ஆசை வரும். அமெரிக்க வழிகாட்டியில் தொண்டை ஸ்ட்ரெப்புக்கு அதன் அளவு கிலோவுக்கு 12 மில்லிகிராம், ஐந்து நாள். பெனிசிலினைப் போலன்றி, இந்தக் குடும்ப மருந்துகளை எதிர்க்கும் ஸ்ட்ரெப் கிருமிகள் உண்டு. எரித்ரோமைசினுக்கும் அதே குறை. அதோடு, இதயத்தின் மின்துடிப்பு இடைவெளியை அசித்ரோமைசின் நீட்டக்கூடும். ஓ.சி.டி.க்காகவும் டிக்குக்காகவும் கொடுக்கும் சில மருந்துகளும் அதையே செய்யும் என்பதால், இரண்டும் சேரும்போது இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். பான்ஸ் உள்ள 31 பிள்ளைகளிடம் நான்கு வாரம் அசித்ரோமைசினையும், ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2017 இல் வந்தது. ஓர் அளவுகோலில் முன்னேற்றம் தெரிந்தது, ஓ.சி.டி.யை அளக்கும் முக்கிய அளவுகோலில் வேறுபாடு தெரியவில்லை. இதைக் கேட்ட பிறகு, கைப்பேசிக் குழுக்களில் அதை அதிசய மருந்தாகப் புகழ்பவர்களை நான் எச்சரிக்கையோடுதான் கேட்கிறேன்.

மருந்துக் கடையில் நடந்த ஒரு கணக்கையும் எழுதுகிறேன். மகள் 20 கிலோ. அவளுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம். 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள அமாக்சிசிலின் என்றால், நாளுக்கு 20 மில்லிலிட்டர், பத்து நாளுக்கு 200 மில்லிலிட்டர். கிளினிக்குகளில் கொடுக்கும் 60 மில்லிலிட்டர் போத்தல் இதில் மூன்று நாளைக்குத்தான் வரும். அதே மருந்து 125 மில்லிகிராம் அளவிலும் வருகிறது. அந்தப் போத்தலிலிருந்து அதே கரண்டியில் கொடுத்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும். ஆகவே ‘ஒரு கரண்டி, இரண்டு கரண்டி’ என்ற பேச்சை ஏற்காமல், மில்லிகிராம் எத்தனை, மில்லிலிட்டர் எத்தனை, மொத்தம் எத்தனை போத்தல் என்று எழுதி வாங்குங்கள். பொடியாக இருக்கும் போத்தலில் நீர் கலந்துவிட்டால் அதன் ஆயுள் குறைவு. அதனால் எங்கள் மருந்தாளர் முதல் போத்தலை மட்டும் கலந்து கொடுத்து, மற்றவற்றைப் பொடியாகவே கொடுத்து, ஆறவைத்த வெந்நீரை எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும் என்று காட்டினார். கலந்த தேதியை போத்தலின் மேல் எழுதி வைத்தேன். கரண்டி அழுக்காக இருக்கிறது என்று மகள் அலறியதால், ஊசியில்லாத மருந்துக்குழலை அவள் கண்முன் உறையிலிருந்து பிரித்து, கன்னத்தின் உள்பக்கமாக மெல்லச் செலுத்தினோம். இப்படி அவளுடைய பயத்துக்கு இடங்கொடுப்பது நீண்ட காலத்துக்கு நல்லதல்ல என்று பின்னர் சிகிச்சையாளர் சொன்னார். அந்தப் பத்து நாள் மருந்து உள்ளே போவதே பெரிதாக இருந்தது.

பத்து நாளில் பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டாம் வாரத்தின் முடிவில் சிறுநீருக்கு ஓடுவது குறைந்தது, தூக்கம் கொஞ்சம் வந்தது. கை கழுவுவதும் விழுங்கும் பயமும் மாதக்கணக்கில் நீடித்தன. அவற்றுக்கு உதவியது, பயத்தைச் சிறு படிகளாகச் சந்திக்கப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் வரை அதைத் தள்ளிப்போடச் சொல்லும் பேச்சைக் கேட்காதீர்கள். முதல் நாளிலிருந்தே இரண்டும் சேர்ந்து நடக்கலாம். வெளிநாட்டுப் பெற்றோர் பலர் வீக்கத்தைக் குறைக்க ஐபுபுரூஃபன் கொடுப்பதை எழுதுகிறார்கள். நம் நாட்டில் டெங்கி இருக்கிறது; டெங்கி இருக்கலாம் என்ற ஐயம் உள்ள காய்ச்சலில் அந்த மருந்து இரத்தக்கசிவுக்கு வழி செய்யும். காய்ச்சல் இருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

சில மாதம் கழித்து அறிகுறிகள் மறுபடி ஏறின. இம்முறை முதலில் மாதிரி எடுத்தோம், கிருமி வளர்ந்தது. முழுப் பத்து நாள் கொடுத்த பிறகும் ஏன் வந்தது என்று மருத்துவர் வீட்டில் உள்ள அனைவரையும் பார்த்தார். நான்கு வயது மகனுக்கு மலவாயைச் சுற்றி நெருப்புப் பட்டது போலச் சிவந்திருந்தது. மலம் கழிக்க அழுவான். அரிப்புக்கும் புண்ணுக்கும் களிம்பு போட்டு வந்தோம். அங்கிருந்து எடுத்த மாதிரியில் அதே ஸ்ட்ரெப். இந்தக் கிருமி தொண்டையில் மட்டும்தான் இருக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். மகனுக்குச் செஃபலெக்சின், மகளுக்கு மீண்டும் அமாக்சிசிலின் என்று ஒரே நேரத்தில் கொடுத்து முடித்தோம். பிள்ளைக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், மருந்தை மாற்றச் சொல்வதற்கு முன் தம்பி தங்கையையும் பாட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போதுதான் நீண்ட காலத் தடுப்பு மருந்து என்ற கேள்வி வந்தது. ஒரு கைப்பேசிக் குழுவில், அமாக்சிசிலினோடு கிளாவுலானேட் சேர்ந்த ஆக்மென்டினை மாதக்கணக்கில் கொடுப்பதாகப் பலர் எழுதியிருந்தார்கள். நிறுத்தினால் பிள்ளை பழைய நிலைக்குப் போய்விடும் என்ற அச்சம் அவர்களுடைய ஒவ்வொரு வரியிலும் இருந்தது, அந்த அச்சம் எனக்கும் தெரியும். மருத்துவர் இரண்டு ஆய்வுகளைச் சொன்னார். 1999 இல் 37 பிள்ளைகளுக்கு நான்கு மாதம் பெனிசிலினும் நான்கு மாதம் போலி மருந்தும் கொடுத்துப் பார்த்ததில் தெளிவான பயன் தெரியவில்லை. ஆனால் பெனிசிலின் எடுத்த காலத்திலேயே 14 தொற்றுகள் வந்துவிட்டதால், தடுப்பே சரியாக நடக்கவில்லை. 2005 இல் 23 பிள்ளைகளுக்கு ஓராண்டு பெனிசிலினோ அசித்ரோமைசினோ கொடுத்ததில் தொற்றும் மன அறிகுறிகளும் குறைந்தன. ஆனால் ஒப்பிடப் போலி மருந்துக் குழு இல்லை. 2017 இல் வெளிவந்த நிபுணர் குழு வழிகாட்டி, புதிதாகக் கண்டறிந்த பிள்ளைக்கு ஒரு முறை முழுச் சிகிச்சையும், நீண்ட காலத் தடுப்பை அறிகுறி கடுமையாக இருப்பவர்களுக்கும் ஸ்ட்ரெப்பால் மீண்டும் மீண்டும் மோசமாகிறவர்களுக்கும் என்றும் பிரித்துப் பரிந்துரைக்கிறது. ஆக்மென்டினில் உள்ள கூடுதல் பொருளால் வயிற்றுப்போக்கு அதிகம். பெனிசிலினே கொல்லும் கிருமிக்கு அதை ஆண்டுக்கணக்கில் கொடுப்பதில் குடலுக்கும், மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகுவதால் ஊருக்கும் நட்டம் என்றார்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது தினசரித் தடுப்பு இல்லாத வழி: ஒவ்வொரு தொண்டை வலிக்கும், காரணமில்லாமல் ஏறும் ஒவ்வோர் அறிகுறிக்கும் உடனே மாதிரி, கிருமி இருந்தால் முழுப் பத்து நாள். ஆண்டுக்குள் தொற்று மறுபடி மறுபடி வந்து ஒவ்வொரு முறையும் பிள்ளை விழுந்தால் தடுப்பை யோசிப்போம், அதற்கும் நிறுத்தும் தேதி முன்பே குறிக்கப்படும் என்று பேசி வைத்திருக்கிறோம். வேறொரு பிள்ளைக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். சோறே இறங்காமல் எடை குறையும் பிள்ளையின் பெற்றோர் என்னைப் போல் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

செலவைச் சொல்ல வேண்டும். தனியார் நிபுணர், எக்கோ, இரத்தப் பரிசோதனைகள், பெட்ரோல், சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேர்ந்து நாலாயிரம் வெள்ளியைத் தாண்டின. நகை ஒன்று அடகுக்குப் போனது. அமாக்சிசிலின் விலை அதில் ஒரு தூசு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குச் சீட்டு வாங்கி, அங்கிருந்து கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் போயிருந்தால் பெரும் பகுதி மிச்சமாகியிருக்கும். காத்திருக்கும் காலம் கூடும், ஆனால் அவசரம் என்று கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம் என்பதை மிஸ்ஸி (தாதி) ஒருவர் பின்னால்தான் சொன்னார். இப்போது தொடர் சிகிச்சை அங்கேதான். ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பது 1952 ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி குற்றம். தெரிந்தவர் கடையில் வாங்கித் தருகிறேன் என்பவரிடமும், வீட்டில் மிச்சம் இருக்கும் போத்தலைத் தருபவரிடமும் வாங்காதீர்கள்.

நிபுணர் எங்களுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறார். மகளின் எடை, பெனிசிலின் ஒவ்வாமை இல்லை என்று சோதித்த தேதி, தொண்டை வலி வந்தால் மருந்துக்கு முன் மாதிரி எடுக்க வேண்டும், உறுதியானால் அமாக்சிசிலின் பத்து நாள், அசித்ரோமைசின் கொடுக்க நேர்ந்தால் முன்பு எடுத்த இ.சி.ஜி.யைப் பார்க்கவும் என்று அதில் இருக்கிறது. ஒரு பிரதி பள்ளியில், ஒன்று என் கைப்பையில், ஒன்று கணவரின் லாரியில். எடை ஏறும்போது கடிதத்தையும் புதுப்பிக்க வேண்டும். 27 கிலோவைத் தாண்டியதும் அளவுகள் சில மாறும். பத்து நிமிடத்தில் முடிவு தரும் ஸ்ட்ரெப் பரிசோதனை எல்லாக் கிளினிக்கிலும் கிடைக்காததால், புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறேன். அது இல்லாத இடத்தில், மாதிரியை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், வார இறுதியில் எடுத்தால் முடிவு என்றைக்கு வரும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.